சிங்க் மென்பொருள் சிபியுவை விடுவதே இல்லை, ஆனால் நெட்வொர்க்கில் ஒன்றும் போகவில்லை

ஏட்டுச்சுவடி:

வணக்கம். பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் வேலையை நாங்கள் சிலர் சேர்ந்து செய்துவருகிறோம். தொட்டால் உதிர்கிற காகிதம். ஒருமுறை தையலைப் பிரித்து ஸ்கேன் செய்துவிட்டால் அந்த இதழை மறுபடி பிரிக்கவே முடியாது. அதனால் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டு இடங்களிலாவது இருந்தாக வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கிறேன். அதற்காகத்தான் லேப்டாப்பில் இருப்பதைச் சர்வரிலும் அப்படியே ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளும் சிங்க் மென்பொருள் வைத்திருக்கிறோம்.

லேப்டாப்பில் விண்டோஸ் 11, நான்கு கோர், எட்டு திரெட், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. பக்கங்கள் எல்லாம் 600 டிபிஐயில் எடுத்த கறுப்பு வெள்ளை (கிரேஸ்கேல்) டிஃப் கோப்புகள், சுருக்காமல் வைத்திருப்பதால் ஒரு பக்கம் சுமார் 17 எம்பி. ஏறக்குறைய 12,000 பக்கங்கள் இருக்கின்றன, மொத்தம் 200 ஜிபியை ஒட்டி வரும்.

சென்ற மாதம் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது லேப்டாப்பைத் திறந்த சில நிமிடங்களில் ஃபேன் சத்தம் போட ஆரம்பித்துவிடுகிறது, மூடும் வரை நிற்பதில்லை. டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் பார்த்தால் சிங்க் மென்பொருள் 12 அல்லது 13 என்று காட்டுகிறது. பெரிய எண் இல்லைதான், ஆனால் இறங்குவதே இல்லை. பேட்டரி முன்பு நின்றதில் பாதிகூட நிற்பதில்லை. ஸ்கேன் செய்த பக்கங்களைச் சீராக்கும் ஸ்கேன்டெய்லரில் ஒரு பக்கத்தை நிமிர்த்தச் சொன்னால் முன்பு சட்டென்று முடியும், இப்போது காத்திருக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்: நெட்வொர்க்கில் போக்குவரத்தே இல்லை. ஐகானில் பச்சை டிக் வருகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சுழல ஆரம்பிக்கிறது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன், புதிய பதிப்புக்கும் மாறினேன். எந்த மாற்றமும் இல்லை.

இரண்டு கேள்விகள். இப்படி ஓடிக்கொண்டே இருந்தால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமா? அதைவிட முக்கியம், இந்தப் பச்சை டிக்கை நம்பலாமா? பக்கங்கள் உண்மையிலேயே சர்வரில் பத்திரமாக இருக்கின்றனவா என்ற பயம் வந்துவிட்டது.


சுழல்விசிறி:

டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருளின் மேல் ரைட் கிளிக் செய்து எஃபிஷியன்சி மோட் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் 11இல் இருக்கிறது. முன்னுரிமை குறைந்துவிடும், ஃபேனும் அடங்கும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.


கருவிப்பெட்டி:

சுழல்விசிறி சொன்னது சூட்டைக் கொஞ்சம் தணிக்கும், ஆனால் அதை இப்போதே செய்ய வேண்டாம் என்பேன். மென்பொருள் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. வேகத்தைக் குறைத்தால் அதே வேலையை மெதுவாகச் செய்துகொண்டிருக்கும். காரணம் என்னவென்று பார்ப்பதும் கடினமாகிவிடும்.

முதலில் அந்த 12, 13 என்ற எண். உங்களிடம் எட்டு திரெட், அதாவது சிபியு ஒரே நேரத்தில் எட்டு வேலைகளைக் கவனிக்கும். நூறை எட்டால் வகுத்தால் 12.5. டீடெய்ல்ஸ் பக்கம் முழு எண்களாக மட்டுமே காட்டும் என்பதால் 12க்கும் 13க்கும் நடுவே ஆடுகிறது. அதாவது, மென்பொருளின் ஒரே ஒரு திரெட் தன்னால் முடிந்த அத்தனையையும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. சிங்க் மென்பொருள் நிறையக் கோப்புகளை ஏற்றும்போதோ இறக்கும்போதோ எண் ஏறி இறங்கும், இப்படி ஒரே இடத்தில் நிற்காது. நிற்கிறது என்றால் ஒரு சுற்றுக்குள் மாட்டியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். (லினக்ஸில் டாப் கட்டளையோ மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரோ இதே நிலையை 100 என்று காட்டும், அங்கே ஒரு கோர்தான் 100 என்ற கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.)

எஸ்எஸ்டி பற்றி: தேய்மானம் எழுதுவதால்தான் வரும். படிப்பதால் கணக்கில் கொள்ளும் அளவுக்குத் தேய்வதில்லை. ஆகவே படிக்கிறதா எழுதுகிறதா என்று பார்த்துவிடுவோம். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து டிஸ்க் பக்கத்துக்குப் போங்கள். மேலே உள்ள பட்டியலில் சிங்க் மென்பொருளை மட்டும் டிக் செய்யுங்கள். கீழே எந்தெந்தக் கோப்பை வினாடிக்கு எவ்வளவு படிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது என்று தெரியும்.

அது போதவில்லை என்றால் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள பிராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவி. ஃபில்டரில் மென்பொருளின் பெயரைக் கொடுத்துவிட்டு, ஒரு முழுச் சுற்று, அதாவது ஒரு பச்சை டிக்கிலிருந்து அடுத்த டிக் வரைக்கும், ஓடவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓடவிட வேண்டாம், அதுவே நினைவகத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும். பிறகு டூல்ஸ் மெனுவில் ஃபைல் சம்மரி. எந்தக் கோப்பை எத்தனை முறை தொட்டது, எத்தனை பைட் படித்தது என்று அட்டவணையாகவே வந்துவிடும்.

வழக்கமாக அகப்படுகிறவர்களையும் சொல்லிவைக்கிறேன், பட்டியலில் இவர்கள் முகம் தெரிகிறதா பாருங்கள். ஸ்கேன்டெய்லர் தன் அவுட் ஃபோல்டருக்குள் கேஷ் என்று ஒன்றை வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கோப்புகளை எழுதும். அது சிங்க் ஃபோல்டருக்குள் இருந்தால் ஒவ்வொரு முறையும் மென்பொருளை எழுப்பிவிடும். வேர்ட், லிப்ரே ஆபீஸ் போன்றவை கோப்பு திறந்திருக்கும் வரை வைக்கும் தற்காலிகப் பூட்டுக் கோப்புகள். தண்டர்பேர்டின் அஞ்சல் பெட்டி, விர்ச்சுவல் மெஷினின் வட்டுக் கோப்பு, எஸ்க்யூலைட் தரவுத்தளம் மாதிரி ஒரே பெரிய கோப்பாக இருந்து அடிக்கடி மாறுகிறவை: உள்ளே ஒரு வரி மாறினாலும் முழுக் கோப்பையும் முதலிலிருந்து படிக்க நேரிடும். ஒரே ஃபோல்டரை இரண்டு சிங்க் மென்பொருள்கள் கவனித்துக்கொண்டிருந்தால் இது தொட்டதை அது மாற்றம் என்று எண்ணும், அது தொட்டதை இது. பென் டிரைவில் ஃபேட்32 ஆக இருந்தால் நேரமுத்திரை இரண்டு வினாடித் துல்லியம்தான், அதனால் சும்மா இருக்கும் கோப்பும் மாறியதுபோல் தெரியும்.

கூடவே டாஸ்க் மேனேஜரில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் என்ற வரி உயர்கிறதா என்றும் பாருங்கள். சிங்க் மென்பொருள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரும் சோதிக்கும், சுமை அங்கேயும் விழும்.

பச்சை டிக் பற்றி இப்போதைக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. பிரவுசரில் சர்வருக்குள் நுழைந்து ஏதாவது ஒரு ஃபோல்டரில் கோப்புகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், மனம் அமைதியாகும்.


நள்ளிரவு லினக்ஸ்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினை, ஆனால் உபுண்டுவில். நிறைய ஃபோல்டர்கள் சேர்ந்த பிறகு சிங்க் மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முழுவதையும் துழாவுகிறது. லாகில் வாட்ச் எல்லை நிரம்பிவிட்டது என்ற மாதிரி ஒரு வரி.


கருவிப்பெட்டி:

நள்ளிரவு லினக்ஸ், உங்களுடையது வேறு கதை, ஆனால் எளிது. லினக்ஸில் ஐநோட்டிஃபை என்ற அறிவிப்பு வசதி மூலம்தான் கோப்புகளின் மாற்றங்கள் மென்பொருளுக்குத் தெரியவரும். அது ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாக ஒரு வாட்ச் (கவனிப்பு) கேட்கும், உள் ஃபோல்டர்களைத் தானாகப் பார்க்காது. பழைய கெர்னல்களில் (லினக்ஸின் மையப்பகுதி) ஒரு பயனருக்கு இயல்பான எல்லை 8192 மட்டுமே. 2021இல் வந்த 5.11 கெர்னலிலிருந்து ரேமின் அளவைப் பொறுத்துத் தானாகவே உயர்த்திக்கொள்கிறது. எல்லை முடிந்துவிட்டால் பல மென்பொருள்கள் அறிவிப்புக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் எல்லாவற்றையும் தாமே துழாவ ஆரம்பிக்கும். சிஸ்கன்ட்ரோல் அமைப்பில் மேக்ஸ் யூசர் வாட்சஸ் என்பதை 524288 ஆக்கிவிட்டு மென்பொருளை மறுபடி தொடங்குங்கள். சரியாகவில்லை என்றால் தனி இழையாகப் போடுங்கள், பார்க்கலாம்.


ஏட்டுச்சுவடி:

கருவிப்பெட்டி அவர்களுக்கு மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன். கிடைத்ததை அப்படியே எழுதுகிறேன்.

எழுதுவது ஏறக்குறைய இல்லை. படிப்பது மட்டும் வினாடிக்கு 300 எம்பி அளவில் ஒரே சீராகப் போகிறது. டிஃபெண்டர் கொஞ்சம் உயர்கிறது, அதிகம் இல்லை. ஸ்கேன்டெய்லர் கேஷ் என் விஷயத்தில் சிங்க் ஃபோல்டருக்கு வெளியே இருக்கிறது. வேறு சிங்க் மென்பொருள் எதுவும் கிடையாது. அஞ்சல், தரவுத்தளம் எதுவும் உள்ளே இல்லை, எல்லாமே டிஃப் கோப்புகள்தான்.

ஃபைல் சம்மரியில்தான் வியப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அதே கோப்புகளை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படிக்கிறது. ஆனால் எல்லாக் கோப்புகளையும் இல்லை. அதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தேன், எனக்குப் புரியவில்லை.

'தொகுதி 1' முதல் 'தொகுதி 5' வரை நான் ஸ்கேன் செய்தவை. அவற்றைத் தொடுவதே இல்லை. 'தொகுதி 6' முதல் 'தொகுதி 14' வரை இன்னொரு நண்பர் ஸ்கேன் செய்து ஜிப்பாக அனுப்பியவை, சென்ற மாதம்தான் சேர்த்தேன். அவற்றில் ஒரு பக்கம் விடாமல் படிக்கிறது. சரி, நண்பர் அனுப்பியதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஆனால் அவரே அனுப்பிய 'கேலிச்சித்திரங்கள்', 'அட்டைப்படங்கள்' என்ற இரண்டு ஃபோல்டர்களையும் தொடவில்லை. 'கோட்டோவியங்கள்', 'பொருளடக்கம்' இரண்டையும் படிக்கிறது. கோப்பு வகை ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், அனுமதிகளும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு வெறும் எண்கள்தான் பெயர்.

சுற்றுக்குள் மாட்டும் கோப்புகள் மொத்தம் 140 ஜிபி வருகிறது.

மென்பொருளின் லாகையும் பார்த்தேன். இந்தக் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் வரிசையாக மூன்று செய்திகள்: புதிய கோப்பு கிடைத்தது, ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை மாதிரியான எண்) கணக்கிடப்பட்டது, சர்வரில் ஏற்கெனவே இருக்கிறது, ஏற்றத் தேவையில்லை. அடுத்த சுற்றில் அதே கோப்புக்கு மறுபடி 'புதிய கோப்பு கிடைத்தது'.

சர்வரில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அந்த வகையில் நிம்மதி.


கருவிப்பெட்டி:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். 140 ஜிபியை வினாடிக்கு 300 எம்பி வீதம் படித்தால் ஏறக்குறைய எட்டு நிமிடம். மென்பொருளின் துழாவல் இடைவெளி எவ்வளவு என்று அமைப்புகளில் பாருங்கள். ஐந்து நிமிடம் மாதிரி இருந்தால் ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்ததற்கு நேரம் வந்துவிடும். ஃபேன் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ஏன் அந்த ஃபோல்டர்கள் மட்டும் என்பது எனக்கும் பிடிபடவில்லை. பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டுகிறதா?


ஏட்டுச்சுவடி:

இடைவெளி ஐந்து நிமிடம்தான். பாதை எதுவும் 100 எழுத்தைத் தாண்டவில்லை.


எழுத்துச்சிற்பி:

எழுத்துரு வேலை செய்கிறவன் என்பதால் உங்கள் ஃபோல்டர் பெயர்களைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. ஒரே ஜிப்பில் வந்த 'கோட்டோவியங்கள்' மாட்டுகிறது, 'கேலிச்சித்திரங்கள்' மாட்டவில்லை. 'பொருளடக்கம்' மாட்டுகிறது, 'அட்டைப்படங்கள்' மாட்டவில்லை. மாட்டுகிற பெயர்களில் எல்லாம் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது: தொ, கோ, டோ, பொ. மாட்டாதவற்றில் அது இல்லை.

தமிழில் கொ, கோ, கௌ ஆகியவற்றின் உயிர்க்குறிகளை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'தொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். த என்ற அகரமேறிய எழுத்துக்குப் பின் ஒகரக்குறி ஒன்றே ஒன்று, பத்தடிமானத்தில் 3018 என்ற எண். இது ஒரு விதம். த, பிறகு கொம்பு (3014), பிறகு கால் (3006) என்று இரண்டு குறிகளாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத்தான் தெரியும். யூனிகோடின் விதிப்படியும் இரண்டும் சமம். சேர்ந்த வடிவத்துக்கு என்எஃப்சி என்றும் பிரிந்த வடிவத்துக்கு என்எஃப்டி என்றும் பெயர். ஓகாரக்குறி 3019, அது 3015, 3006 ஆகப் பிரியும். ஔகாரக்குறி 3020, அது 3014, 3031 ஆகப் பிரியும். ஏகாரக் கொம்புக்கும் ஐகாரக் குறிக்கும் இப்படிப் பிரிவு இல்லை. அதனால்தான் 'கேலி'யும் 'அட்டை'யும் தப்பித்துவிட்டன.

நீங்கள் தட்டச்சு செய்த 'தொகுதி 3' சேர்ந்த வடிவத்தில் இருக்கும். நண்பர் அனுப்பிய 'தொகுதி 9' பிரிந்த வடிவத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் இருப்பது பழைய மேக் கணினியா? மேக்கில் 1998இலிருந்து இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமை, பெயர்களை நீங்கள் எப்படிக் கொடுத்தாலும் பிரித்தே சேமிக்கும். 2017இல் ஹை சியராவோடு மேக்குகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும், தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் எதையும் மாற்றாது, ஒன்றாகவும் பாவிக்காது. உங்கள் கணினியில் பார்வைக்கு ஒரே பெயருள்ள இரண்டு 'தொகுதி' ஃபோல்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே முடியும்.

சோதிப்பது எளிது. 'தொகுதி 9' ஃபோல்டரின் பெயரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கர்சரை 'தொ'வுக்கும் 'கு'வுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். 'த' மட்டும் மிஞ்சினால் சேர்ந்த வடிவம். 'தெ' என்று கொம்போடு நின்றால் பிரிந்த வடிவம், கால் மட்டும் அழிந்திருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாமல் வேண்டுமென்றால் பைத்தானில் லென் ஃபங்ஷனுக்கு 'தொகுதி' என்ற அந்தச் சொல்லை மட்டும் கொடுங்கள். சேர்ந்தது என்றால் 6 வரும், பிரிந்தது என்றால் 7 வரும்.

மென்பொருள் ஏன் சுற்றுகிறது என்பதற்கு உங்கள் லாகிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். வட்டில் பிரிந்த பெயரைப் பார்க்கிறது. தன் உள் தரவுத்தளத்தில் தேடுகிறது. தரவுத்தளத்தில் சேர்ந்த பெயர்தான் இருக்கிறது, பைட் பைட்டாக ஒப்பிட்டால் பொருந்தாது. அதனால் 'புதிய கோப்பு'. முழுவதையும் படித்து ஹாஷ் போடுகிறது. சர்வருக்கு அனுப்பும் முன் பெயரைச் சேர்ந்த வடிவமாக்கிக் கேட்கிறது, சர்வர் 'என்னிடம் இருக்கிறதே' என்கிறது, ஏற்ற வேண்டியதில்லை. முடிவைத் தரவுத்தளத்தில் மறுபடி சேர்ந்த பெயரிலேயே எழுதிவைக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து முதலிலிருந்து. நெட்வொர்க் சும்மா இருக்க சிபியு மட்டும் ஓடுவதும் இதனால்தான். நீக்கி நிறுவினாலும் தீராது, ஏனென்றால் வட்டில் உள்ள பெயர் அப்படியே இருக்கிறது.

இது ஊர் அறிந்த சிக்கல். நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் (Git) மென்பொருளில் மேக் பயனர்களுக்காகவே பிரிந்த பெயர்களைச் சேர்க்கும் ஓர் அமைப்பு உண்டு. சிங்க்திங் என்ற சிங்க் மென்பொருளில் ஆட்டோநார்மலைஸ் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும். ஐரோப்பிய மொழிக்காரர்கள் உச்சரிப்புக் குறிகளோடு இதே பாட்டைப் பட்டிருக்கிறார்கள். தமிழில் இது எவ்வளவு பரவலாக வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஒகரமும் ஓகாரமும் இல்லாத ஃபோல்டர் பட்டியல் நம்மில் யாரிடம் இருக்கும்? சிங்க் மென்பொருள் எழுதுகிறவர்கள் தமிழ்ப் பெயர்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று நான் பல இடங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.


ஏட்டுச்சுவடி:

பேக்ஸ்பேஸ் அழுத்தியதும் 'தெ' என்று நின்றது. நெஞ்சு படபடத்துவிட்டது. 'தொகுதி 3'இல் செய்தால் 'த'. பைத்தானில் 7, 6. நீங்கள் சொன்னது அப்படியே.

நண்பரிடம் கேட்டேன். பழைய ஐமேக்தான், அதில் சொருகும் வெளி டிஸ்கும் எச்எஃப்எஸ் பிளஸ்.

இப்போது பெயர்களை எப்படி மாற்றுவது? கையால் மாற்றினால் ஏதாவது விட்டுப்போகுமே. மாற்றும்போது மென்பொருள் 'பழையது அழிந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு சர்வரில் இருப்பதை அழித்துவிட்டால் என்ன செய்வது? அந்த இதழ்களின் மூலப்பிரதி மறுபடி பிரிக்கும் நிலையில் இல்லை.


எழுத்துச்சிற்பி:

பயம் நியாயமானது. அதனால் வரிசையாகப் போவோம். முதலில் சிங்க் மென்பொருளை முழுமையாக மூடுங்கள், தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் (pause) போதாது, வெளியேறிவிடுங்கள். 140 ஜிபியையும் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். பிரவுசரில் சர்வரைப் பார்த்து, 'தொகுதி 9' ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா, பார்வைக்கு ஒரே பெயரில் இரண்டு இல்லையே என்று உறுதிசெய்யுங்கள்.

பெயர் மாற்ற பைத்தான் போதும். ஓஎஸ் மாட்யூலின் வாக் ஃபங்ஷனை டாப்டவுன் என்பது ஃபால்ஸ் ஆக இருக்கும்படி ஓடவிடுங்கள். அப்போதுதான் ஆழத்தில் இருப்பவை முதலில் மாறும். மேலிருந்து மாற்றினால் தாய் ஃபோல்டரின் பெயர் மாறியதும் உள்ளே போகும் பாதை அறுந்துவிடும். ஒவ்வொரு பெயரையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு என்எஃப்சி என்று சொல்லிக் கொடுங்கள். திரும்பி வருவது பழைய பெயரிலிருந்து வேறுபட்டால் மட்டும் ரீநேம். முதல் ஓட்டத்தில் ரீநேம் வரியை நீக்கிவிட்டு, என்னென்ன மாறும் என்று அச்சிட மட்டும் செய்யுங்கள். பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

புதிய பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் விண்டோஸில் பைத்தானின் ரீநேம் பிழை சொல்லி நின்றுவிடும், அது நல்லது. லினக்ஸில் இதே நிரலை ஓட்டுகிறவர்கள் கவனம், அங்கே கோப்புகளின் மேல் சத்தமில்லாமல் எழுதிவிடும். முன்கூட்டியே சோதித்துவிட்டு மாற்ற வேண்டும்.

விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு பெயர்களும் சமமா என்று ஈக்யூ கொண்டு ஒப்பிட்டால் சமம் என்றே சொல்லும், ஏனென்றால் அது மொழியறிந்து ஒப்பிடுகிறது. பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். ஐஎஸ்நார்மலைஸ்டு என்ற மெத்தடைக் கொண்டுதான் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். இருப்பதில் சின்னதான 'பொருளடக்கம்' ஃபோல்டரை மட்டும் மாற்றி, மென்பொருளைத் திறந்து, ஒரு சுற்று பாருங்கள். சர்வரில் எதுவும் அழியவில்லை, அந்த ஃபோல்டர் அடுத்த சுற்றில் வரவில்லை என்றால் மற்றவற்றுக்குப் போகலாம்.


ஏட்டுச்சுவடி:

'பொருளடக்கம்' முடிந்தது. முதல் சுற்றில் எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை படித்தது, சர்வரில் இருக்கிறது என்றது. இரண்டாவது சுற்றில் லாகில் அந்தப் பெயரே இல்லை. சர்வரில் எண்ணிக்கை மாறவில்லை, குப்பைத்தொட்டியும் காலி.

அந்தத் தைரியத்தில் மற்றவற்றையும் மாற்றினேன். அச்சிட்ட பட்டியலில் நான் எதிர்பார்க்காத சிலவும் இருந்தன: 'தொகுதி 11'க்குள் 'ஓவியர் கௌரவ இதழ்' என்று ஓர் உள் ஃபோல்டர், அதன் ஔகாரமும் பிரிந்திருந்தது. கையால் மாற்றியிருந்தால் கண்டிப்பாக விட்டிருப்பேன்.

இப்போது மென்பொருள் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 0. துழாவும்போது மட்டும் சில நொடிகளுக்கு 2, 3 என்று எழும்பி இறங்குகிறது. சுழல்விசிறி சொன்ன எஃபிஷியன்சி மோட் தேவைப்படவில்லை. ஸ்கேன்டெய்லர் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

பச்சை டிக் பற்றிய கவலைக்காக 'தொகுதி 9'இலிருந்து சில பக்கங்களைச் சர்வரிலிருந்து தனியாக இறக்கி, ஷா256 ஹாஷ் போட்டு என்னிடம் இருப்பவற்றோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூட வேறுபடவில்லை.

இன்னும் ஒன்று. நண்பர் மேற்கொண்டும் ஜிப் அனுப்பப்போகிறார், அவருடைய கணினியை மாற்ற முடியாது. வந்ததை எப்படிக் கையாள்வது?


கருவிப்பெட்டி:

ஜிப்பை நேரடியாகச் சிங்க் ஃபோல்டருக்குள் விரிக்க வேண்டாம். வெளியே ஒரு ஃபோல்டரில் விரித்து, எழுத்துச்சிற்பி சொன்ன நிரலை ஓட்டி, அப்புறம் உள்ளே நகர்த்துங்கள். நிரலில் அச்சிடும் ஓட்டத்தை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துச்சிற்பி, ஒரு கேள்வி. பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் இப்படிப் பிரித்து வைக்குமா?


எழுத்துச்சிற்பி:

வைக்கும் கருவிகளைப் பார்த்திருக்கிறேன். பழைய குறியீடுகளில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகளாகவே இருந்தன. மாற்றும்போது கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, காலோடு இணைக்காமல் விட்டுவிட்டால் பிரிந்த வடிவம்தான் கிடைக்கும். அந்த வகையில் வந்தவற்றை இதே நிரல் சரிசெய்துவிடும். ஆனால் ஔகாரத்துக்குக் கொம்பும் 'ள' எழுத்தும் போட்டிருந்தால் அதை எந்த நார்மலைஸும் தொடாது. யூனிகோடைப் பொறுத்தவரை அது 'கௌ' கிடையாது, 'கெ'யும் 'ள'வும் சேர்ந்த வேறு சொல். அதைத் தனியாகத் தேடித்தான் திருத்த வேண்டும்.

ஏட்டுச்சுவடி, மென்பொருள் உருவாக்குபவர்களுக்கு இதை எழுதி அனுப்புங்கள். 140 ஜிபி கதையைச் சொல்ல வேண்டாம், படிக்க மாட்டார்கள். 'தொ' என்ற பெயரில், பிரிந்த வடிவத்தில், ஒரு வெற்று உரைக்கோப்பு. அது ஒவ்வொரு துழாவலிலும் புதியதாகக் கருதப்படுகிறது என்று லாகின் மூன்று வரிகளை இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஒட்டுங்கள். எழுத்துகளின் எண்களைக் கொடுங்கள்: 2980, 3014, 3006. தமிழ் தெரியாத ஒருவரும் அதை வைத்துத் தன் கணினியில் உருவாக்கிப் பார்க்க முடியும்.


ஏட்டுச்சுவடி:

இன்று காலை அனுப்பினேன். தங்கள் பக்கத்திலும் அதே சுற்று வருவதாகவும், உள் தரவுத்தளத்தில் தேடும் முன் பெயரைச் சேர்ந்த வடிவமாக்கத் திருத்தம் எழுதப்போவதாகவும் பதில் வந்திருக்கிறது. திருத்தம் வெளியானதும் பிரிந்த பெயரில் ஒரு ஃபோல்டரை வைத்துச் சோதித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். அதுவரை ஜிப்பை வெளியே விரித்துத்தான் உள்ளே கொண்டுவருவேன்.